வாசகர் கேள்வி – பதில்: சக்கர வீடு ஏற்காடு ஏறுமா?

கேள்வி: 12 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஏழடி உயரத்தில் இழுத்துச் செல்லும் வீடு ஒன்றை நானே கட்டப் போகிறேன். சுவருக்குச் சிமெண்ட் போர்டு போட்டால் கறையான் வராது என்கிறார் பட்டறைக்காரர். போடலாமா? இதை ஏற்காட்டுக்கு இழுத்துப் போக முடியுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கறையான் வராது, எடை வரும். உங்கள் அளவுக்குச் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 340 சதுர அடி. உள்பக்கம் முழுக்க 8 மி.மீ. சிமெண்ட் போர்டு அடித்தால் அதுவே 325 கிலோ வரும். 6 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் என்றால் 120 கிலோவோடு முடிந்துவிடும்.

மற்றதையும் கூட்டிப் பாருங்கள். 40க்கு 40 மி.மீ., 2 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப் மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. சட்டத்தில் இரண்டு அடிக்கு ஒரு செங்குத்துக் கால் வைத்தால் 300 அடி பைப் வேண்டும். அது 210 கிலோ. வெளியே கலர் ஷீட் 140 கிலோ, தரைக்கு 18 மி.மீ. ப்ளைவுட் 85, கதவு ஜன்னல் 80, கட்டில், சமையல் மேடை 150, பேட்டரி 40, வெப்பம் தடுக்கும் ஃபோம் 50, சேசிஸும் (அடிச்சட்டம்) ஆக்சிலும் (சக்கர அச்சு) 400. தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அது 200 கிலோ. பாத்திரம், துணி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும்போது 1,600 கிலோவைத் தொடும். இது ப்ளைவுட் போட்ட கணக்கு. சிமெண்ட் போர்டு என்றால் இன்னும் 200 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல் விழ வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது அந்த ஆட்டத்தை யாராலும் அடக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலேயே வையுங்கள். அப்போது தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் சமநிலை மாறாது. கட்டி முடித்ததும் எடை மேடைக்குக் கொண்டு போங்கள். வண்டியிலிருந்து கழற்றி, முழுவதையும் மேடையில் ஏற்றி ஓர் எடை எடுங்கள். பிறகு சக்கரம் மட்டும் மேடையிலும், முன்பக்க ஜாக்கி வெளியிலும் இருக்கும்படி நிறுத்தி இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை.

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் பின்சக்கரங்கள் முன்வண்டியின் தடத்தில் வராமல் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அதனால் அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும். எதிரே பஸ் வந்தால் அப்படித் திருப்ப இடம் இருக்காது. ஏறுவதைவிட இறங்குவது கடினம். தனி பிரேக் இல்லாத ட்ரெய்லர் முன்வண்டியைத் தள்ளும். இரண்டாவது கியரிலேயே இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

மலைதான் இலக்கு என்றால் இழுக்கும் வீட்டை விட்டுவிட்டு, மினி லாரி சேசிஸின் மேலேயே கட்டுவது எங்கள் பரிந்துரை. குட்டி யானை போதாது. அது முக்கால் டன் சுமக்கும் வண்டி. இரண்டு டன்னாவது தாங்கும் சேசிஸ் வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி பாடி கட்டுபவர்களுக்கு இந்த வேலை கைவந்த கலை. அடிச்சட்டத்தை அவர்களிடம் விட்டுவிட்டு உள்வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இரும்புப் பைப் சட்டத்தில் வெளியே தகர ஷீட், உள்ளே ப்ளைவுட், நடுவே தர்மாகோல் வைத்துக் கட்டிய சக்கர வீடு எங்கள் தோட்டத்தில் நிற்கிறது. மார்கழி காலையில் உள்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஸ்க்ரூ வரிசையில் துருக்கறை. கூரை ஒழுகுகிறதா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: மழையில்லாத நாளிலும் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் அரை லிட்டருக்கு மேல் ஈரம் காற்றில் சேரும். காஸ் அடுப்பும் ஈரம் விடும்: 1 கிலோ காஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த இரும்பைத் தேடிப்போய்ப் படியும். உங்கள் பைப் சட்டம் வெளி ஷீட்டையும் உள் ப்ளைவுட்டையும் ஒருசேரத் தொடுகிறது. வெளியே உள்ள குளிர் அதன் வழியே உள்ளே வந்துவிடுவதால்தான் துரு சரியாக ஸ்க்ரூ வரிசையில் தெரிகிறது.

உள் ப்ளைவுட்டைக் கழற்றுங்கள். பைப்பின் முகம் முழுக்க 10 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டுங்கள். தர்மாகோலுக்கும் பைப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கை ஸ்ப்ரே ஃபோமால் அடையுங்கள். விரல் அகல இடுக்கு போதும், பாதிப் பலன் போய்விடும். அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட் ஒட்டி, ஓரங்களை டேப்பால் மூடிவிட்டு ப்ளைவுட்டைத் திரும்ப மாட்டுங்கள். தரையோரம் ஒன்று, எதிர்ச்சுவரில் கூரையோரம் ஒன்று என இரண்டு காற்றுத் துவாரங்கள் எப்போதும் திறந்திருக்கட்டும். குளிருகிறதே என்று துணி வைத்து அடைத்தால் பழையபடி சொட்டும். காஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமென்பதால் கீழேதான் தங்கும். கீழ்த் துவாரம் அதற்கும் வழி.

கேள்வி: சோலாருக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: 30 வாட் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக எடுக்கும்) ஃபேன் பத்து மணி நேரம், 5 வாட் விளக்குகள் நான்கு, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து நாளுக்கு 520 வாட் மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். சின்ன ஃபிரிட்ஜ் வைத்தால் கணக்கு இரட்டிப்பாகும். 330 வாட் பேனல் சேலம் வெயிலுக்குத் தாராளம். மேலே ஏற்காட்டின் பனிமூட்டத்தில் பாதிகூட வராது.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒற்றைக் கம்பி ஒயரைப் போடாதீர்கள், அதிர்வில் முறியும். மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய கம்பிகள் கொண்ட) ஒயரின் முனையில் லக் என்ற உலோக முனையை அழுத்தி மாட்டுங்கள். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு ஓரடிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: கட்டி முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் போதுமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: போதாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வீடுபோலக் கட்டும் வண்டிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் துறைத் தரவிதி இருக்கிறது. நீளம், அகலம், உயரம், ஆக்சில் எடை குறித்த வரைபடத்தோடு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேளுங்கள். பைப்பை அறுப்பது அதற்கப்புறம்.