மறுபடி முறுக்கும் பெருங்குடல்: 79 வயதில் ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நடமாட்டம் குறைந்து, தீராத மலச்சிக்கல். இரண்டு முறை வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் துடித்துவிட்டார். பெருங்குடல் முறுக்கிக்கொண்டது என்று ஆசனவாய் வழியே குழாய் விட்டுச் சரிசெய்தார்கள். இப்போது அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டுமாம். இந்த வயதில் கத்தி வைக்கலாமா? பீன்ஸ் கறியை நிறுத்தி, விளக்கெண்ணெய் கொடுத்தால் போதாதா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போதாதம்மா. குழாய் முறுக்கைப் பிரித்துவிட்டது, அவ்வளவுதான். அடிவயிற்றில் இடப்பக்கம் நீளமாகத் தொங்கும் சிக்மாய்டு என்ற பெருங்குடல் பகுதியும், அதைத் தாங்கும் சவ்வின் குறுகிய அடியும் அப்படியேதான் இருக்கின்றன, அதனால்தான் குழாயோடு நிறுத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்பவும் முறுக்குகிறது. அப்பாவுக்கு ஏற்கெனவே திரும்பிவிட்டது. பீன்ஸ் கறியின் மேல் பழி போடாதீர்கள். படுத்தே இருப்பது, வலிக்குக் கொடுக்கும் கோடீன் மாத்திரை, இதெல்லாம் குடலை இன்னும் மந்தமாக்கும். மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வயதை நினைத்துப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் தள்ளிப்போட்டால் ஆபரேஷனே இல்லாமல் போய்விடும் என்று எண்ணாதீர்கள், அடுத்த முறுக்கில் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிட்டால் நடுராத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டிவரும், உயிராபத்து பல மடங்கு, மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டவும் நேரலாம். இப்போது குடல் சுருங்கி, சுத்தமாக, அப்பா தெம்பாக இருக்கும்போது செய்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரு முனைகளையும் பெரும்பாலும் அப்போதே இணைத்துவிடலாம். வெட்டாமல் தைத்து நிறுத்துவதும் உண்டு, அதில் திரும்ப வருவது அதிகம். இதயமோ நுரையீரலோ மயக்கமருந்தைத் தாங்காது என்றால் மட்டும், வயிற்றுத் தோல் வழியே சிறு குழாய் வைத்துக் குடலை நிலைநிறுத்தும் வழியைப் பற்றிக் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் இது அதிகம் வரும் நோய், உங்கள் ஊர் சர்ஜன்களுக்குப் பழக்கமானது. தைரியமாகப் பேசி நாள் குறியுங்கள். அதற்குள் வயிறு உப்பி, காற்று பிரியாமல் போனால் விளக்கெண்ணெய், எனிமா எதுவும் வேண்டாம். வாய்வழி எதையும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல், மலத்தில் ரத்தம், தொட்டாலே வலி என்றால் 10177-க்கு அழைத்து ஆம்புலன்ஸில் போங்கள், முன்பு எத்தனை முறை முறுக்கியது என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.