லியோ பிரைமன்: வேலையை விட்டுப் போன கணிதக்காரர் பற்றிச் சில கேள்விகள்

நம் பக்கத்துக் கல்லூரிகளில் இயந்திரக் கற்றல் படிக்கும் யாரைக் கேட்டாலும் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களை வாக்களிக்க வைத்து விடை கணிக்கும் முறை) தெரியும் என்பார்கள். அதை உருவாக்கியவர் யார் என்றால் மௌனம்தான். அவர்தான் லியோ பிரைமன். எனவே இந்த முறை அவர் ஒருவரைப் பற்றியே கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொன்னேன். நான் பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன். இப்போது திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டுக் கணக்குப் பார்த்துத் தருகிறேன்.

பெருந்துறை, பொறியியல் மாணவர்: ஐயா, அவர் கணினித் துறைக்காரரா?

இல்லை தம்பி. 1928இல் பிறந்த அமெரிக்கர். கால்டெக்கில் இயற்பியல், கொலம்பியாவில் கணித முதுகலை, 1954இல் பெர்க்லியில் முனைவர் பட்டம். முழுக்க நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காரர். தகவல் கோட்பாட்டில் ஷானன்–மெக்மில்லன்–பிரைமன் தேற்றம் என்று ஒன்று உண்டு. அதில் மூன்றாவது பெயர் இவருடையதுதான், 1957ஆம் ஆண்டு வேலை. அவர் அந்தப் பாதையிலேயே போயிருந்தாலும் பெயர் நின்றிருக்கும்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி ஆசிரியை: பல்கலைக்கழக வேலையை அவராகவே விட்டார் என்று படித்தேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சை எடுத்தாலே சண்டை வரும். ஏன் விட்டார்?

வரத்தான் செய்யும் அம்மணி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஏழு ஆண்டுகள் நிகழ்தகவு கற்பித்துவிட்டு ராஜினாமா செய்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் தனியாள் ஆலோசகர். யார் தரவைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டிய பிழைப்பு.

அந்தக் காலத்து வேலைகளில் இரண்டை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் காற்றில் ஓசோன் அளவு எப்போது அபாயமாகும் என்று முன்கூட்டியே சொல்வது. 450க்கும் மேற்பட்ட வானிலை அளவீடுகளை வைத்துப் பெரிய பெரிய நேர்கோட்டுச் சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்தார்கள். பொய் எச்சரிக்கைகள் அதிகமாகி, வேலை தோற்றது. தோற்றது என்றே எழுதினார், பூசி மெழுகவில்லை.

மற்றொன்று, ஒரு வேதிப்பொருளின் நிறை நிறமாலையை (அதன் மூலக்கூறு உடைந்த துண்டுகளின் எடைப் பதிவை) பார்த்து அதில் குளோரின் இருக்கிறதா என்று சொல்வது. கையில் 30,000 சேர்மங்களின் பதிவுகள். வழக்கமான புள்ளியியல் முறைகள் ஒத்துவரவில்லை; நிறமாலையின் நீளம் சேர்மத்துக்குச் சேர்மம் மாறியதுதான் சிக்கல். வேதியியலாளர்களோடு உட்கார்ந்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய 1,500 கேள்விகளைத் தயாரித்தார்கள். அவற்றில் எதை முதலில், எதை அடுத்துக் கேட்பது என்பதைத் தரவே தீர்மானிக்கும்படி ஒரு முடிவு மரம் கட்டினார்கள். 95 சதவீதம் சரியான விடை வந்தது. 1984இல் ஃபிரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட, முடிவு மரம் கட்டும் கார்ட் முறையின் வேர் இந்த மாதிரி வேலைகளில் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் வெளியே போய் ஜெயித்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டும் அல்ல. கணிதத்தில் அசைக்க முடியாத அடித்தளம் இருந்தது. 1980இல் பெர்க்லி அழைத்துப் பேராசிரியர் பதவி கொடுத்தது. வேலையை விடுகிற எல்லோருக்கும் திரும்பி வரக் கதவு திறந்திருக்காது.

திருப்பூர், தொழிற்சாலை மேலாளர்: துணி ரோல் கெட்டுப்போகுமா என்று முன்பே சொல்ல எங்கள் பையன்கள் ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முடியும் அண்ணா. உங்களிடம் 1,000 ரோல்களின் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நூல் கவுண்ட், லூப் நீளம், எந்த மெஷின், எந்த ஷிப்ட், சாயத் தொட்டியின் வெப்பநிலை, கடைசியில் ரோல் தேறியதா இல்லையா. இதிலிருந்து ஒரே ஒரு முடிவு மரம் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. பத்து ரோல்களை மாற்றிப் போட்டால் வேறொரு மரம் வந்து நிற்கும்.

இந்தத் தள்ளாட்டத்தையே பிரைமன் பிடித்துக்கொண்டார். 1,000 வரிகளிலிருந்து குருட்டாம்போக்கில் 1,000 தடவை எடுங்கள்; எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். சில வரிகள் இரண்டு மூன்று முறை வரும், ஏறத்தாழ 37 சதவீத வரிகள் வரவே வராது. இப்படி எடுத்ததில் ஒரு மரம். மறுபடி எடுத்து இன்னொரு மரம். சில நூறு மரங்கள் கட்டி, எல்லாவற்றையும் வாக்களிக்கச் சொன்னால் தள்ளாட்டம் அடங்கும். இதுதான் 1996இல் வந்த பேக்கிங்.

2001இல் அவர் சேர்த்தது இன்னொரு குலுக்கல். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் எல்லா அளவீடுகளையும் பார்க்காமல், குலுக்கி எடுத்த சிலவற்றை மட்டும் பார்க்க வேண்டும். கேட்டால் முட்டாள்தனமாகத் தோன்றும். எதற்குத் தகவலை மறைப்பது? உங்கள் ஆலையில் சாய வெப்பநிலைதான் பலமான காரணம் என்றால், எல்லா மரங்களும் அதிலிருந்தே தொடங்கும், ஒரே மாதிரித் தவறும். ஒரே மாதிரித் தவறுகிற நூறு பேரின் வாக்கு ஒருவரின் வாக்குக்குச் சமம். மறைப்பதால் மரங்கள் வேறுபடுகின்றன. தனி மரம் கொஞ்சம் பலவீனமாகிறது, கூட்டு விடை பலமாகிறது.

ஒரு மரத்துக்குள் வராத அந்த 37 சதவீத வரிகளை வைத்தே அந்த மரத்தைச் சோதிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தனியாகச் சோதனைத் தரவு ஒதுக்கும் செலவு மிச்சம்.

உங்கள் பையன்களிடம் ஒன்று கேளுங்கள். நூறு ரோலில் மூன்றுதான் கெடுகிறது என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லும் நிரல்கூட 97 சதவீதம் சரி. அந்தச் சதவீதத்தைக் காட்டி மகிழ வேண்டாம். கெட்ட மூன்றில் எத்தனையைப் பிடித்தது என்று கேளுங்கள்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: அடுத்த மாத விரலி விலையை இதை வைத்துச் சொல்ல முடியுமா?

எச்சரிக்கையாக இருங்கள். ரேண்டம் ஃபாரஸ்டின் விலைக் கணிப்பு என்பது பழைய விலைகளின் சராசரி. உங்கள் பதிவில் இதுவரை அதிகபட்சம் குவிண்டாலுக்கு 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை 18,000க்குப் போனாலும் அது 14,000ஐத் தாண்டிச் சொல்லவே சொல்லாது. வியாபாரிக்குக் காசு போவதும் வருவதும் சந்தை பழைய எல்லையைத் தாண்டும் அந்த நேரத்தில்தானே!

நாள்களைக் குலுக்கிச் சோதிப்பதும் இங்கே செல்லாது. நேற்றைய விலையும் நாளைய விலையும் கையில் இருந்தால் இன்றைய விலையை யாரும் சொல்வார்கள். பழைய ஆண்டுகளில் பயிற்சி, கடைசி ஆண்டில் சோதனை என்று காலவரிசைப்படி பிரித்துப் பாருங்கள்.

நாமக்கல், பள்ளி ஆசிரியர்: எல்லாம் அவர் ஒருவரே கண்டுபிடித்ததா?

இல்லை. மரங்களைக் குலுக்கிக் கட்டும் யோசனையை 1995லேயே டின் காம் ஹோ என்ற கணினி அறிவியலாளர் வெளியிட்டிருந்தார். திரும்பப் போட்டு எடுக்கும் பூட்ஸ்ட்ராப் 1979இல் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் கொடுத்தது. மென்பொருளில், அவரோடு வேலை செய்த புள்ளியியலாளர் அடீல் கட்லரின் பங்கு பெரியது.

கோவை, ஆய்வு மாணவி: சார், நான் ரேண்டம் ஃபாரஸ்ட் பயன்படுத்தினால் ‘இது புள்ளியியல் இல்லை’ என்கிறார் என் நெறியாளர். என்ன பதில் சொல்வது?

இதே சண்டையைப் பிரைமனே 2001இல் போட்டார். புள்ளியியலில் இரண்டு பண்பாடுகள் என்று ஒரு கட்டுரை. தரவு எப்படி உருவானது என்று ஒரு சமன்பாட்டை முதலில் நம்பிக்கொண்டு வேலை செய்பவர்கள் ஒரு பக்கம். உள்ளே நடப்பது தெரியாது என்று ஒத்துக்கொண்டு, கணிப்பு பலிக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் மறுபக்கம். புள்ளியியலாளர்களில் 98 சதவீதம் முதல் வகை என்று ஒரு மதிப்பீட்டையும் போட்டார். சும்மா சீண்டுவதற்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே இதழில் பதில்களும் அச்சாயின. இந்தக் கட்டுரை எளிமைக்கும் அறிவியல் புரிதலுக்கும் எதிரானது போல முதல் பார்வையில் தெரிகிறது, இரண்டாம் பார்வையிலும் அப்படியே தெரிகிறது என்று எஃப்ரான் கிண்டலாகத் தொடங்கினார். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் நிதானமாகச் சொன்னார்: தரவிலிருந்து தொடங்க வேண்டாம், கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கட்சி எது என்றால், கணிப்புக்குப் பிரைமன், காரணத்துக்குக் காக்ஸ். நொய்யல் தண்ணீரில் உப்பு நாளை எவ்வளவு இருக்கும் என்பது ஒரு கேள்வி. எதை நிறுத்தினால் குறையும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ரேண்டம் ஃபாரஸ்ட் தரும் ‘முக்கிய மாறிகள்’ பட்டியலை ஆதாரமாகக் காட்டினால் உங்கள் நெறியாளர் திட்டுவது நியாயமே. முதலாவதற்குத் திட்டினால் அந்தக் கட்டுரையை, பதில்களோடு சேர்த்து, அவர் மேசையில் வையுங்கள்.

பவானி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: இந்த வயதில் இதையெல்லாம் படிக்கத் தொடங்கலாமா?

பிரைமன் ஓய்வுபெற்றது 1993இல். பேக்கிங் வந்தபோது வயது 68, ரேண்டம் ஃபாரஸ்ட் வந்தபோது 73. தாராளமாகத் தொடங்குங்கள்.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி மகன்: எங்கள் தோப்பில் 40 மரங்களின் காய்ப்புக் கணக்கு இருக்கிறது. உரம், தண்ணீர், வயது என மூன்று அளவீடுகள். எத்தனை மரம் கொண்ட ஃபாரஸ்ட் போடலாம்?

ஒன்றும் வேண்டாம் தம்பி. 40 வரிக்கு ஒரு வரைபடமும் சாதாரண நேர்கோட்டுக் கணக்கும் போதும். முதலில் காய்ப்பையும் வயதையும் ஒரு தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். இன்னும் இரண்டு பருவத்துக் கணக்கு சேர்ந்த பிறகு எழுதுங்கள். எந்த மரத்துக்கு எந்தக் கணக்கு என்று எண் போட்டு வைக்க மறக்காதீர்கள்.