குச்சியும் முள்கரண்டியும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். சீன உணவகத்தில் எல்லோரும் குச்சியால் சாப்பிட, நான் முள்கரண்டி கேட்டேன். மகள் முகம் சுளித்தாள். நான் செய்தது தவறா? இவ்வளவு முன்னேறியவர்கள் இன்னும் ஏன் அந்த இரண்டு குச்சியை விடாமல் இருக்கிறார்கள்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

முள்கரண்டி கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அங்குள்ள சீனர்களே சிக்கன் ரைஸைக் கரண்டியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். தட்டில் பரந்து கிடக்கும் சோற்றுக்குக் குச்சி சரிவராது. கிண்ணமென்றால் வாயருகே தூக்கிக் குச்சியால் தள்ளிக்கொள்ளலாம். மகள் முகம் சுளித்தது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

ஆனால் 'இன்னும் விடாமல்' என்று எழுதிவிட்டீர்களே! கையால் சாப்பிடும் நம்மைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பீர்களா? சீனர்கள் கரண்டி தெரியாமல் குச்சியைப் பிடித்தவர்கள் அல்ல. வெகுகாலம் சோற்றுக்குக் கரண்டி, மற்றதற்குக் குச்சி என்று இரண்டையும் வைத்திருந்தவர்கள். ஆங்கிலேயரான தாமஸ் கோரியட் இத்தாலியில் முள்கரண்டியைக் கண்டு வியந்து எழுதிய நூல் வந்ததே 1611இல்தான். மேல்நாட்டு மேசையில் சாப்பிடுகிறவர்தான் கறியை வெட்ட வேண்டும். சீன வீட்டில் அந்த வேலை அடுக்களையிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு மேசைக்குக் கத்தி எதற்கு, குத்திப் பிடிக்க முள் எதற்கு?

சிங்கப்பூரின் தோ பாயோ பகுதியில் ஒரு சீன மூதாட்டியின் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மீனவக் குடும்பத்துப் பெண். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். 'மக்கான், மக்கான்' என்று சாப்பிடக் கூப்பிடுவார். முதல் நாள் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்துக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்தார். இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள் என்பது பின்னால் தெரிந்தபோது கூசிப்போனேன்.

அவர் ஆவியில் வேகவைத்த மீனை மேல்பக்கம் தீர்ந்ததும் திருப்ப மாட்டார். திருப்பினால் கடலில் படகு கவிழும் என்பது அவர்கள் நம்பிக்கை. நடுமுள்ளைக் குச்சியால் முழுசாகத் தூக்கி எடுத்துவிட்டு அடிச்சதையை எடுப்பார். அப்புறம் குச்சியைத் தலைகீழாகத் திருப்பி, வாய் படாத முனையால் மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி என் கிண்ணத்தில் வைப்பார். எச்சில் படக்கூடாது என்று நம் வீட்டில் பார்ப்போமே, அதே கவனம். மீனில் மிக மிருதுவான இடம் அது. பெற்ற பிள்ளைக்கு வைக்க வேண்டியதை வாடகைக்கு இருந்தவனுக்கு வைத்தார். முள்கரண்டியால் குத்தி எடுத்து ஒருவர் தட்டில் போட்டால் அது பரிமாறுவது. இது ஊட்டுவதற்குப் பக்கத்தில் வரும். குச்சியை ஏன் விடவில்லை என்று என்னிடம் கேட்டால் எனக்கு அந்தக் கை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் அல்லவா? மகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். கீழ்க்குச்சி கட்டைவிரல் இடுக்கிலும் மோதிரவிரலிலும் அசையாமல் கிடக்கட்டும். மேல்குச்சியைப் பேனா மாதிரி பிடித்து அதை மட்டும் ஆட்டுங்கள். முதலில் டோஃபு என்கிற சோயாக் கட்டி வேண்டாம், வழுக்கும். கீரைத் தண்டில் ஆரம்பியுங்கள்.