சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான்.

கொழும்புக்கும் கிட்டத்தட்ட இதே நேரம் காட்டுகிறதே, எதில் போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா சுமார் 645 கிலோமீட்டர். அங்கே போவது மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட். பலாலியின் ஓடுபாதை சிறியது என்பதால் அங்கே ஏடிஆர் 72 தான் போகிறது. விசிறி வைத்த விமானம், வேகம் 500 கிலோமீட்டரை ஒட்டி. அதனால்தான் தூரம் ஏறக்குறைய பாதியாகியும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை.

இதைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கட்டுநாயக்காவில் இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்குச் சாலையில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். என் மனைவிக்கு ஊர் உரும்பிராய். மூட்டுவலியோடு மாமியார் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் முன்பு ராத்திரி பஸ்ஸில் கொழும்பு வந்து, விடிந்ததும் விமானம் ஏறுவார். சென்னையில் இறங்கும்போது கால் வீங்கியிருக்கும். இப்போது வீட்டிலிருந்து நேராகப் பலாலி விமான நிலையம். பெரியவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் கூட என்றாலும் பலாலிக்கே போங்கள்.

இது புது வழியும் இல்லை. இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் விமானத்தை விட்டதே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலி அருகேயுள்ள காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்த வழி 2019 நவம்பரில் திறந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இந்த வழி இனி ஒருபோதும் மூடக்கூடாது என்பது என் ஆசை.

ஏடிஆரில் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். பின்வரிசை கேளுங்கள், விசிறிச் சத்தம் குறைவு. இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது. போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் வானம் தெளிந்த நாளில் கடலூர்க் கரையும் கோடியக்கரையும் தெரியும். அதைத் தாண்டியதும் பாக் நீரிணை, உடனே யாழ்ப்பாணம்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டாம். ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை மட்டும் இலங்கை அரசின் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விமானம் பிடிக்காதென்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.