கணினியைத் திறந்தபோது நேர்ந்த சேதம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, கணினியைத் தாமே திறந்து வேலை பார்த்தபோது ஏதோ ஒன்று வளைந்தோ கருகியோ போனதைப் பற்றியவை. நான்கிலும் ஒரே விதமான பதற்றம் தெரிந்ததால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய பவர் சப்ளை பழுதானதால் வேறொரு நிறுவனத்தின் பவர் சப்ளையை வாங்கி மாட்டினேன். பழைய கேபிள்கள் பெட்டிக்குள் அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் அவற்றைக் கழற்றாமல், அவற்றின் முனைகளைப் புதியதில் செருகினேன், சரியாகப் பொருந்தின. சுவிட்சைப் போட்டதும் கருகிய வாசனை வந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் சுற்றவே இல்லை. பத்தாண்டுக் குடும்பப் புகைப்படங்கள் அவற்றில் உள்ளன. மீட்க முடியுமா?

பதில்: மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த டிஸ்க்குகளை இனி எந்தக் கணினியிலும் செருகிப் பார்க்காதீர்கள். முதல் விபத்தில் தப்பித்த பாகங்கள், 'இன்னும் ஒருமுறை பார்ப்போமே' என்று மின்சாரம் கொடுக்கும்போது போய்விடுவதுண்டு.

டிஸ்க்கின் பக்கம் உள்ள சாட்டா மின் இணைப்பில் 15 தொடுமுனைகள் இருக்கின்றன, எதில் 3.3 வோல்ட், எதில் 5, எதில் 12 என்பது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டது. அதே கேபிளின் மறுமுனைக்கு, அதாவது பவர் சப்ளையில் செருகும் முனைக்கு, அப்படியொரு பொது வரையறை கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே கம்பிகளின் வரிசை மாறியிருப்பதுண்டு. பிளக்கின் வடிவம் மட்டும் ஒத்துப்போனதால், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் உங்கள் டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் போயிருக்க வேண்டும். இதை உங்கள் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துவராத கேபிள்களுக்கு ஒரே வடிவத்தில் வாய் வைத்துத் தயாரிப்பவர்கள்தாம் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பவர் சப்ளையை மாற்றும்போது, எவ்வளவு சிரமமானாலும், அதனுடன் வந்த கேபிள்களையே முழுவதுமாகப் போட வேண்டும்.

இனி டிஸ்க்கைத் திருப்பி, அடியில் உள்ள பச்சை அல்லது நீலப் பலகையைப் பாருங்கள். மின் இணைப்பிற்கு அருகே, அரிசியை விடச் சற்றுப் பெரிய இரண்டு கறுப்புப் பாகங்கள் பெரும்பாலான டிஸ்க்குகளில் இருக்கும். ஒன்று 5 வோல்ட் பாதையையும் மற்றொன்று 12 வோல்ட் பாதையையும் காக்கும் டயோடுகள். வரம்புமீறிய மின்னழுத்தம் வந்தால் அவை தம்மையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றவற்றைக் காக்கும். கருகியது அது மட்டுமே என்றால், அனுபவமுள்ள ஒருவர் அதை அகற்றியோ மாற்றியோ டிஸ்க்கைச் சுற்ற வைத்துவிடுவார். பலகையின் நடுவிலுள்ள பெரிய சிப்பில் கொப்புளமோ சிறு பள்ளமோ தெரிந்தால் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். அப்போதும் அதே மாடல் பலகையை வாங்கி மாட்டினால் போதாது. ஒவ்வொரு டிஸ்க்கிற்கும் உரிய அளவீடுகள் பல மாடல்களில் பலகையிலுள்ள எட்டுக்கால் சிப் ஒன்றில் பதிந்திருக்கும் என்பதால், அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும். புகைப்படங்கள் இருப்பதோ உள்ளே, காந்தத் தகட்டில். விபத்து பலகையோடு நின்றிருந்தால் தகட்டிற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே மேல்மூடியைத் திறந்து பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்: படிக்கும் முனை தகட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதக்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அதற்கு ஒரு பாறை. பழுதான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்துப் பார் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படியும். தரவு மீட்பவரிடம் கொடுக்கும்போது நடந்ததை எனக்கு எழுதியபடியே அவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தூசி தட்டுவதற்காக, பிராசசரின் சூட்டைத் தணிக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைப் பிடித்து இழுத்தேன். பூட்டைத் திறக்காமலேயே பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு மூலையில் ஏழெட்டுப் பின்கள் சாய்ந்துள்ளன.

பதில்: உங்களுடையது அடியில் 1331 பின்கள் கொண்ட ஏஎம்4 வகை என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வகையில் இந்த விபத்து மிகச் சாதாரணம். சூட்டைக் கடத்துவதற்காக இரண்டிற்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட், காய்ந்தபின் பசைபோலப் பிடித்துக்கொள்வதே காரணம். பிராசசர் இன்னும் ஹீட் சிங்கோடு ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, பின்களில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து, மெல்லத் திருகினால் வந்துவிடும்.

பின்களை நிமிர்த்த, ஈயக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனை போதும். அதைப் பின்னின் மேல் கவிழ்த்து, ஒரே திசையில், ஒரே அசைவில், மெதுவாக நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக அசைத்தால் உலோகம் களைத்து முறிந்துவிடும். பிறகு விளக்கொளியில் கண்மட்டத்திற்கு உயர்த்தி, நெல் நாற்று வரிசையைப் பார்ப்பதுபோல நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். விலகி நிற்கும் பின் தானாகத் தெரியும். நெம்புகோலை உயர்த்திய சாக்கெட்டில் பிராசசர் தன் எடையாலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி வரிசையைச் சரிபாருங்கள். அடுத்த முறை, கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின், மின்சாரத்தைத் துண்டித்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாகச் சற்றுத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி: கையிலுள்ள நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கும் என்பது உண்மையா? நான் ஒருநாளும் ஷாக்கை உணர்ந்ததில்லையே?

பதில்: உண்மைதான். ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரல் அதை உணரும். சிப்புகள் பழுதாக அதைவிடக் குறைவே போதும். கம்பளத்தின் மேல் நின்று வேலை செய்யாதீர்கள். ரேமைத் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் பூசாத உலோகத்தைத் தொடுங்கள். ரேமை அதன் ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: நண்பனின் லேப்டாப்பில் ரேம் மாற்றினேன். பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. ஒரு திருகு உள்ளே விழுந்தது. இப்போது திரை இருட்டாக இருக்கிறது. 'கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள், தம்பி. நம்பித் தந்தவரிடம் உண்மையைச் சொல்வது முறை என்பது ஒருபுறம் இருக்க, பழுதைச் சரிசெய்யவும் அந்த உண்மை வேண்டும். இருட்டறையில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகவேனும் தெரிந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது. பின்னொளிக்கு மின்சாரம் போகும் பாதையில் உள்ள சிறு ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். திருகு விழுந்த கதை தெரிந்த பழுதுபார்ப்பவர் நேராக அந்த ஃபியூஸைச் சோதிப்பார். தெரியாதவர் திரையையே மாற்றச் சொல்லலாம். அந்தச் செலவு உங்கள் நண்பனின் தலையில் விழும். அந்தத் திருகு வெளியே வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லையென்றால், டார்ச் சோதனைக்காகக்கூட லேப்டாப்பை இயக்க வேண்டாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, லேப்டாப்பைக் கவிழ்த்து மெல்ல அசைத்துத் திருகைத் தேடி எடுங்கள்.