சொந்தக்காரர் வாயை அடைக்க 12 லட்சமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் பிளஸ் டூ முடித்த மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். பெண்ணுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் பரம்பரை நோய். முதலில் இருட்டில் பார்வை மங்கும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். எதிரே பிடித்த புத்தகத்தைப் படித்துவிடுவாள், காலடியில் இருக்கும் படி தெரியாது. "நல்லாத்தானே படிக்கிறா, அப்புறம் ஏன் நாற்காலியில இடிச்சுக்கிறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் பெற்றோர் எதையோ சொல்லி மழுப்பி வந்திருக்கிறார்கள்.

இப்போது தாய்மாமா ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 12 லட்சம். திருநின்றவூர் மனையை விற்றால் சமாளித்துவிடலாம் என்கிறாராம். "இன்ஜினியர்னு பேர் இருந்தா கண்ணைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க" என்பது அவருடைய வாதம். "சேத்துடலாமா மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

வேண்டாம் அம்மா. மனையை விற்காதீர்கள்.

பார்வை குறைந்தவர்களுக்கு இன்ஜினியரிங் வராது என்பதால் சொல்லவில்லை. முழுப் பார்வையும் இல்லாமல் நிரல் எழுதிச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அதை விரும்பியிருந்தால், அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் இருக்கிறது, அந்த வழியாகப் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் விரும்பவில்லை. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டேன். "மாமா ஆசைப்படறார். எனக்கு இங்கிலீஷ் படிக்கணும்" என்றாள். அவள் கேட்காத படிப்புக்கு, அவள் பெயரில் வாங்கிப்போட்ட மனையை விற்பது எந்த வகையில் அவளுக்கு நல்லது? அதுவும் கண்ணை மறைப்பதற்காக? இந்த நோயை மறைக்க முடியாது. இன்றைக்கு இருக்கும் பார்வை பத்து வருடம் கழித்தும் இப்படியே இருக்கும் என்று எந்த டாக்டரும் உங்களுக்கு உறுதி தரமாட்டார். மறைத்துப் பழகியவள் கைத்தடி பிடிக்க வேண்டிய நாளில் கூனிக் குறுகிப்போவாள்.

வங்கித் தேர்வு, பி.எட்., குரூப் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நல்ல வழிகள்தான். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

"எப்பப் பாத்தாலும் போன்தான்" என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். கண் களைத்துவிடுவதால் டாக்பேக் போட்டு வைத்திருக்கிறாள். திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதை அது வாய்விட்டுச் சொல்லும். மளிகை வாங்கும் செயலி ஒன்றைத் திறந்து ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கிக் காட்டச் சொன்னேன். பருப்பின் பெயரும் விலையும் ஒழுங்காக வந்தன. அடுத்த மூன்று இடத்திலும் ஒரே குரல்: "அன்லேபிள்டு பட்டன்." பெயர் வைக்காத பட்டன் என்று அர்த்தம். முதலாவது விருப்பப் பட்டியல், இரண்டாவது அளவைக் குறைப்பது, மூன்றாவது கூட்டுவது என்று தட்டித் தட்டியே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "அப்டேட் வந்தா வரிசை மாறிடும் மேடம். கூடையில மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னும் சொல்லாது, பணம் கட்டறப்பதான் தெரியும்" என்றாள். அதோடு விடவில்லை. எந்தப் பதிப்பில், எந்தத் திரையில், எதைத் தொட்டால் என்ன கேட்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். அதையும் படித்தேன். இதே மாதிரி அறிக்கை எழுதுவதற்குத்தான் நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன.

அந்த வேலைக்கு அக்சஸிபிலிட்டி டெஸ்டிங் என்று பெயர். இணையதளமோ செயலியோ பார்வையற்றவர், பார்வை குறைந்தவர், கை நடுங்குபவர், காது கேளாதவர் எல்லோருக்கும் பயன்படுகிறதா என்று சோதிப்பது. சோதிப்பவர் கையில் ஒரு வங்கிச் செயலியைக் கொடுப்பார்கள். உள்நுழைவது, மீதி பார்ப்பது, பணம் அனுப்புவது என்று ஒவ்வொரு வேலையாகச் செய்துபார்க்க வேண்டும். கணினி என்றால் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையை மட்டும் வைத்து, என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், பி என்றால் அடுத்த பட்டன், டி என்றால் அடுத்த அட்டவணை. தலைப்பு போலப் பெரிதாகத் தெரியும் எழுத்தை உண்மையில் தலைப்பாக அமைக்காமல் விட்டிருந்தால், எச் அதைத் தாண்டிப் போய்விடும். கண்ணால் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

ஓ.டி.பி. திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டம் தனித்தனியாக இருக்கும். திரைவாசிப்பான் ஒவ்வொன்றிலும் "எடிட்" என்று மட்டும் சொல்லும், எத்தனையாவது கட்டம் என்று சொல்லாது. குறுஞ்செய்தியைத் திறந்து எண்ணைக் காதால் கேட்டு மனதில் வைத்துத் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகளாவிய வழிகாட்டு நெறி இந்த இரண்டு குறைக்கும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. 2023 அக்டோபரில் அதன் 2.2 பதிப்பு வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வெளிர் சாம்பல் நிறத்தில் அச்சிட்டதுபோல் எழுதி வைக்கிறார்களே, அதைப் பார்த்து உங்கள் மகள் கண்ணைச் சுருக்குவது அவள் குறையல்ல, அந்தத் திரையின் குறை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் தெரிந்து, குரலால் கேட்கவும் தெரிந்த ஒருத்தி இரண்டு வகைப் பயனர்களின் சிரமத்தையும் பிடிப்பாள். தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன, உண்மைதான். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும். அந்த விளக்கம் யாருக்காவது உதவுமா என்று அதைக் கேட்டுப் பயன்படுத்துபவர்தான் சொல்ல முடியும்.

"இதுக்கெல்லாம் யார் வேலை கொடுப்பாங்க?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகளையும் அனைவரும் அணுகும்படி அமைக்கச் சொன்னது. ரொம்ப நாள் அது ஏட்டில்தான் இருந்தது. வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், எங்களால் எப்படி முடியும் என்று ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. மின்னணு வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. சான்று பெற்ற நிபுணர்களை வைத்து அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும், சோதனையில் பார்வையற்றவர்களையும் ஈடுபடுத்தலாம் என்றும் உத்தரவிட்டது. அந்த ஜூலையிலேயே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, அந்தச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிச் சுற்றறிக்கை விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வங்கி, இணைய வணிகம் போன்ற சேவைகளுக்கான மென்பொருளை இங்கே சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து எழுதினாலும் அதற்கு ஏற்பத்தான் எழுத வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்வை குறைவு மட்டுமே இந்த வேலைக்குத் தகுதி ஆகிவிடாது. விதிகளைப் படிக்க வேண்டும், இணையப் பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். புரிய வேண்டும், நிரல் எழுதுபவரிடம் தயங்காமல் பேச வேண்டும், அறிக்கையைத் தெளிவான ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கலாம், சம்பளமும் மாமா சொல்லும் ஐ.டி. சம்பளமாக இருக்காது. பிள்ளைக்கு இதில் ஈடுபாடு இல்லையென்றால் நானே வேண்டாம் என்பேன். உங்கள் மகளுக்கு ஈடுபாடு இருக்கிறது. யாரும் சொல்லாமலே அந்த மின்னஞ்சலை எழுதியிருக்கிறாளே.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பு. பட்டப்படிப்பு அரசுக் கல்லூரியில் போதும். பாரதி மகளிர் கல்லூரியோ ராணி மேரி கல்லூரியோ, அவள் கேட்கும் ஆங்கில இலக்கியத்தையே எடுக்கட்டும். இலக்கியம் படித்து என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், தெளிவாக எழுதத் தெரிந்த டெஸ்டர் கிடைப்பாள் என்று சொல்லுங்கள். என்.வி.டி.ஏ. முற்றிலும் இலவசம். டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பே இணையத்தில் அறிமுகப் பாடம் ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. டீக்யூ என்ற நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தன் பாடங்களைக் கட்டணமில்லாமல் தருகிறது. இந்தத் துறையின் அடிப்படைச் சான்றிதழான சி.பி.ஏ.சி.சி. தேர்வுக்கு மட்டும் டாலரில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அதை மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு சுமாரான லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். "வேலை உறுதி" என்று சொல்லிப் பல்லாயிரம் கேட்கும் எந்தப் பயிற்சி மையத்துக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சென்னையிலேயே கர்ண வித்யா போன்ற, பார்வையற்றவர்களுக்கான அமைப்புகள் இருக்கின்றன. அங்கே போய் அவளையே பேசச் சொல்லுங்கள்.

தடி பிடித்து நடக்கும் பயிற்சிதான் உங்களுக்குக் கசக்கும். பட்டப்படிப்பை விட அவசரம் அதுதான் என்பேன். பெரம்பூரில் பஸ் வருகிறது, நிறுத்தத்தில் நிற்காமல் நடுரோட்டில் நிற்கிறது, எல்.இ.டி. பலகையில் எண் ஓடுகிறது, படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. மெட்ரோவுக்குப் போனால் பார்வையற்றவர் காலால் உணர்ந்து நடக்கும் மஞ்சள் தடம் உள்ளே ஒழுங்காக இருக்கிறது, வெளியே நடைபாதைக்கு வந்தால் அந்தத் தடத்தின் மேலேயே பைக் நிற்கிறது. மாலை ஆறரைக்கு மேல் தனியாக வர முடியாத பெண் எவ்வளவு படித்தும் வேலைக்குப் போவது கஷ்டம். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். அப்பா தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதாகச் சொன்னார். பாசம் புரிகிறது, ஆனால் அதை ஏற்பாடாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உடனே செய்ய வேண்டியது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறாளே, சான்றிதழ் தருவார்களா என்று நீங்கள் தயங்கி இதுவரை விண்ணப்பிக்கவே இல்லை. சட்டம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்கும் கீழே சுருங்கினாலே குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை என்று 2016 சட்டமே வரையறுத்திருக்கிறது. பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம், பின்னால் அரசு வேலைக்கும் அது கைகொடுக்கும். விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளியா என்று கேட்கும் இடத்தில் "இல்லை" என்று போடச் சொன்ன உறவினர் யாராக இருந்தாலும், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இடம் கிடைத்ததும், முதல் பருவத் தேர்வு வரும்வரை காத்திருக்காமல் முதல்வருக்கு எழுத்துமூலமாகக் கடிதம் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில் வினாத்தாள், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்று வெளிப்படையாகக் கேட்கலாம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களில் உள்ளவைதான். பாடப்புத்தகம் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் திரைவாசிப்பானால் படிக்க முடியாது, எழுத்து வடிவக் கோப்பு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடிதத்தை அவளே எழுதட்டும். கையெழுத்து மட்டும் நீங்களும் போடுங்கள்.