நாவலை விட்டுக் கவிதைக்குப் போகலாமா?

கேள்வி: சிறுவர்களுக்காக நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கடிதம் போடுகிற அளவுக்குப் பெயரும் கிடைத்தது. ஐந்தாவதை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் உரைநடை வரவில்லை, கவிதைதான் வருகிறது. பதிப்பாளர், “கவிதை விற்காது, நாவலைக் கொடுங்கள்” என்கிறார். வீட்டில், “பேர் வாங்கின இடத்தை விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்கிறார்கள். இப்படி நடுவழியில் மாறிய யாராவது உருப்பட்டிருக்கிறார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உருப்பட்டிருக்கிறார்கள். அதிலும் ஒருவருடைய கதை உங்கள் கடிதத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கேரன் ஹெஸ், 1952-ல் பால்டிமோரில் பிறந்தவர். கல்லூரி நாட்களில் கவிதைதான் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தைகள் பிறந்த பிறகு, கவிதை கேட்கிற ஒருமுகமான கவனம் வாய்க்காமல் அதை நிறுத்திவிட்டார். பரிசாரகர், நூலகர், அச்சுக்கோப்பவர், பிழை திருத்துபவர் என்று பல வேலைகள் பார்த்தார். முதல் சிறுவர் நாவல் 1991-ல் வந்தது. அடுத்த வருடமே ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ரிஃப்கா’. ரஷ்யாவிலிருந்து தப்பி ஓடும் யூதச் சிறுமி, ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதைப் புத்தகம் ஒன்றின் ஓரங்களில் எழுதும் கடிதங்களாக அந்த நாவல் நகரும். உரைநடையிலேயே அவருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

இந்த நிலையில், மழைக்கு ஏங்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சின்னப் படக்கதை எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் குழந்தைக்கு மழை மேல் ஏன் இவ்வளவு ஏக்கம் என்ற கேள்வி வந்தது. அதன் பின்னாலேயே போனவர் 1930-களின் ஓக்லஹோமா மாநிலத்தில் போய் நின்றார். புல்வெளியையெல்லாம் கோதுமைக்காக உழுதுபோட்ட மண்ணில் வறட்சி விழுந்து, காற்றோடு நிலமே பறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வட்டாரத்தின் பழைய செய்தித்தாளை மைக்ரோஃபிலிமில் உட்கார்ந்து படித்தார். அப்படி உருவானதுதான் 1997-ல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் தி டஸ்ட்’. பில்லி ஜோ என்ற 14 வயதுப் பெண் சொல்வதாக, முழுவதும் புதுக்கவிதையில் எழுதிய நாவல். சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் தரும் பெரிய விருதான நியூபெரி பதக்கம் 1998-ல் அதற்குக் கிடைத்தது.

அதில் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அம்மா தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும் என்பாள். தம்ளர்களும் அப்படியே. கரண்டிகள் துணிக்குள் சுற்றியிருக்கும். சோறு ரெடியானதும் எல்லாவற்றையும் நிமிர்த்துவார்கள். தட்டு இருந்த இடம் மட்டும் விரிப்பில் சுத்தமான வட்டமாகத் தெரியும், சுற்றிலும் புழுதி. அப்பா உருளைக்கிழங்கைப் பார்த்து, இன்றைக்கு மிளகு தூக்கலாக இருக்கிறது என்பார். வறட்சி என்றால் என்ன என்று பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் அந்த வீட்டுக்குள் நம்மால் இப்படிப் போயிருக்க முடியாது.

பிறகு அந்த விபத்து. அடுப்பருகே இருந்த வாளியில் தண்ணீர் என்று நினைத்து அம்மா ஊற்றியது மண்ணெண்ணெய். தீப்பிடித்த வாளியை மகள் தூக்கி வெளியே வீச, திரும்பி வந்துகொண்டிருந்த அம்மா மேலேயே அது விழுகிறது. அம்மாவும் பிறந்த குழந்தையும் இறந்துபோகிறார்கள். பியானோ வாசிக்கும் மகளின் கைகள் வெந்துபோகின்றன. இத்தனைக்கும் ஹெஸ் சொல்லும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அப்படிப்பட்ட துக்கத்தில் இருக்கும் பெண் அதிகம் பேசமாட்டாள். அந்த வாழ்க்கையில் எல்லாமே சிக்கனம், அதனால் சொல்லும் சிக்கனமாக இருக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஹெஸ் தந்த காரணம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். நாவலா கவிதையா என்று உங்கள் எதிர்காலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் கதை எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ஹெஸ்ஸும் ஒரேயடியாகக் கவிதைக்குக் குடிபெயரவில்லை. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் வெர்மான்ட் மாநிலத்து ஊர் ஒன்றுக்குள் நுழைவதைப் பதினொரு பேரின் குரலில் சொல்லும் ‘விட்னஸ்’ (2001) கவிதையில் வந்தது. ‘ப்ரூக்ளின் பிரிட்ஜ்’ (2008) மறுபடி உரைநடை. இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஜாக்குலின் வுட்ஸனும் அப்படித்தான். 1990 முதல் சிறுவர் நாவல்கள் எழுதியவர், தன் பால்யத்தை 2014-ல் கவிதையில் எழுதி அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றார். அடுத்த வருடம் இளையோருக்கான ஆஸ்தானக் கவிஞராகவும் ஆனார். பிறகும் நாவல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, உங்கள் ஐந்தாவது நாவலுக்கு வருவோம். இதுவரை வந்த கவிதைகளில் ஒன்றை எடுத்து, வரிகளை மடக்காமல் பத்தியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது உரைநடைதான், தாராளமாக நாவலுக்குள் திருப்பிக்கொள்ளலாம். மூச்சு முட்டுகிறது, ஏதோ போய்விட்டது என்று தோன்றினால் அந்தக் கவிதையைத் தொடாதீர்கள். அப்புறம், எல்லாக் கவிதைகளையும் வரிசையாக அடுக்கி, ஒரே பிள்ளை ஒரே ஆசையோடு இவற்றுக்குள் நடந்து போகிறதா என்று பாருங்கள். நான்கு நாவல் எழுதிய கை இங்கேதான் உங்களுக்கு உதவும். எதை எங்கே மறைக்க வேண்டும், எப்போது அவிழ்க்க வேண்டும் என்பது வெறும் கவிதை மட்டும் எழுதியவர்களுக்கு அவ்வளவு எளிதில் வராது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் உங்களிடம் நாவல் இருக்கிறது.

பதிப்பாளர் மேல் கோபப்பட வேண்டாம், அவர் கவலை நியாயமானது. ஆனால் அவரிடம் ‘கவிதைத் தொகுப்பு’ என்று சொல்லாதீர்கள், நீங்கள் எழுதுவது அது இல்லை. நாவல் என்றே சொல்லுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் வடிவம் மாறுவதை இப்போதே தெரிவித்துவிடுவது நல்லது. முப்பது பக்கம் தேறியதும் தபாலில் அனுப்பாமல் நேரில் போய், நடுவிலிருந்து ஒரு பகுதியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அடுத்த உரைநடை நாவலை அவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, இதை இன்னொரு பதிப்பகத்துக்கு எடுத்துப்போங்கள்.